டொரினோ: விபத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தால்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். யுவென்டஸ் இத்தாலிய லீக் பட்டத்தை 36 முறை வென்றிருக்கிறது. அதே துரின் நகரத்தின் இன்னொரு கிளப்பான டொரினோ வென்றது 7 முறை, கடைசியாக 1976இல். அப்படியிருக்க 1940களில் ஆடிய டொரினோ அணியை மட்டும் இத்தாலியர்கள் ‘மாபெரும் டொரினோ’ என்று சொல்வது ஏன், விமான விபத்தில் மொத்த அணியும் இறந்துபோனதால் பரிதாபத்தில் ஒட்டிக்கொண்ட பெயரா அது என்பது உங்கள் சந்தேகம். கேள்வியில் பட்டக் கணக்கு இருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். சாவை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அந்த அணி நிற்குமா? நியாயமான கேள்வி. நிற்கும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த அணியைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே நிற்காது. எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நான் இருபது வருடத்துக்கும் மேலாகப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன். பயிற்சியாளர் சான்றிதழுக்குப் படித்தபோது ஆட்ட அமைப்புகளின் வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. இந்த அணி எனக்கு அறிமுகமானது அங்கேதான். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். ஒரு வரம்பை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்கள் ஆடியதில் இன்றைக்குப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடச் செய்திப்படத் துண்டுகள்தான். ஒரு முழு ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்து, இவர் இங்கே நின்றார், அவர் அங்கே ஓடினார் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆகவே நான் சாய்ந்து நிற்பது புள்ளிப் பட்டியல், கோல் கணக்கு, அணி வரிசை, அந்தக் காலத்தவர் எழுதி வைத்தது ஆகியவற்றின்மேல்.

முதலில் கணக்கு. 1942–43இல் டொரினோ லீக் பட்டத்தையும் இத்தாலியக் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது. அதற்கு முன் இத்தாலியில் எந்தக் கிளப்பும் அதைச் செய்ததில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் போரினால் முறையான லீக் நடக்கவில்லை. போர் முடிந்து லீக் திரும்பியதும் 1946, 1947, 1948, 1949 என்று வரிசையாக நான்கு பட்டம். அதாவது முறையாக நடந்த ஐந்து பருவங்களில் ஐந்தும் அவர்களுடையவை. 1946–47இல் 104 கோல் அடித்து, இரண்டாம் இடத்து யுவென்டஸைவிட 10 புள்ளி முன்னால் முடித்தார்கள். 1947–48இல் லீகில் 21 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 40 ஆட்டம். டொரினோ அடித்தது 125 கோல், வாங்கியது 33. அவர்களுக்கு 65 புள்ளி. மிலான், யுவென்டஸ், திரியெஸ்தினா மூன்றும் 49 புள்ளியோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. அன்றைக்கு ஒரு வெற்றிக்கு 2 புள்ளிதான். அந்தக் கணக்கில் 16 புள்ளி இடைவெளி என்றால் எட்டு வெற்றி! சொந்த மைதானத்தில் ஆடிய 20 ஆட்டத்தில் 19 வெற்றி, ஒரு டிரா. அலெஸாண்ட்ரியா அணியை 10–0 என்று திருப்பி அனுப்பியதும் அந்தப் பருவத்தில்தான். இன்னும் ஒன்று: 1943 தொடக்கத்துக்குப் பிறகு 1949 மே மாதம் வரை, தங்கள் ஃபிலடெல்ஃபியா மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர்கள் தோற்கவில்லை. இவை எல்லாமே விபத்துக்கு முன்னால் எழுதப்பட்ட எண்கள். பரிதாபத்துக்கு இதில் வேலையே இல்லை.

கோல் கணக்கைவிட எனக்குப் பெரிய சாட்சி ஒரு தேசிய ஆட்டம். 1947 மே 11ஆம் தேதி துரினில் இத்தாலி ஹங்கேரியோடு ஆடியது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற புஷ்காஷ், அன்று இளைஞர், எதிரணியில் இருந்தார். இத்தாலிக்காக இறங்கிய பதினொரு பேரில் பத்துப் பேர் டொரினோ ஆட்டக்காரர்கள். கோல்கீப்பர் மட்டும் யுவென்டஸைச் சேர்ந்தவர். அணியைத் தேர்ந்தெடுத்தவர் விட்டோரியோ பொட்சோ. 1934, 1938 என்று இரண்டு உலகக் கோப்பைகளை இத்தாலிக்கு வென்று கொடுத்த அதே மனிதர். கபெட்டோ இரண்டு கோல், கடைசி நிமிடத்தில் லொயிக் ஒன்று, 3–2 என்று வென்றார்கள். பொட்சோ இளவயதில் டொரினோவில் பயிற்சியாளராக இருந்தவர், கொஞ்சம் பாசம் இருந்திருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கட்டும். ஆனால் பாசத்துக்காக ஒருவர் பத்து இடத்தைக் கொடுக்க மாட்டார், அதுவும் ஹங்கேரிக்கு எதிராக.

இந்த அணி எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தற்செயலாகக் கூடியது இல்லை. 1939இல் தலைவரான ஃபெருச்சோ நோவோ ஒரு தொழிலதிபர். சிறு வயதில் அதே கிளப்பில் ஆடிப் பார்த்தவர். தனக்கு எல்லாம் தெரியும் என்று உட்காராமல், ஆட்டம் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு வாங்கினார். வரேஸே என்ற சின்னக் கிளப்பிலிருந்து ஒசோலா, யுவென்டஸிலிருந்து கபெட்டோ, ஃபியொரென்டினாவிலிருந்து மென்டி. 1942இல் வெனிஸ் நகரக் கிளப்பான வெனேட்சியாவிலிருந்து வாலென்டினோ மட்சோலா, எட்சியோ லொயிக் என்ற இருவரையும் ஒன்றாகத் தூக்கி வந்தார். போர்க்காலத்தில் 12 லட்சம் லிரா, அதோடு இரண்டு ஆட்டக்காரர்கள் விலை. போர் முடிந்ததும் கோல்கீப்பர் பச்சிகலுப்போ, பின்களத்தில் பல்லாரின், மரோசோ, ரிகமொன்டி, நடுவில் கஸ்டிலியானோ என்று மீதி இடங்கள் நிரம்பின. இத்தாலியில் அந்தக் காலத்துச் சிறுவர்கள் இந்த வரிசையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்: பச்சிகலுப்போ, பல்லாரின், மரோசோ; கிரெசார், ரிகமொன்டி, கஸ்டிலியானோ; மென்டி, லொயிக், கபெட்டோ, மட்சோலா, ஒசோலா.

இனி எனக்குத் தெரிந்த தொழில். அன்றைய இத்தாலி ஆடிக்கொண்டிருந்த முறையில் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் மூன்று பேர். அந்த மூவரில் நடுவில் நிற்பவர்தான் ஆட்டத்தின் அச்சு. பொட்சோ உலகக் கோப்பை வென்றதே இந்த முறையில்தான். டொரினோ அதை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் ஆர்சனல் கிளப் வழியாகப் பரவிய டபிள்யூ–எம் முறைக்கு மாறியது. யுவென்டஸில் பெயர் வாங்கிவிட்டு டொரினோவுக்கு வந்த ஃபெலிச்சே போரெல்தான் நோவோவிடம் இதை வற்புறுத்தியவர். நான் பிள்ளைகளுக்கு இதைத் திடலில் கோன் வைத்துத்தான் காட்டுவேன். பின்னால் மூன்று கோன். முன்னால் மூன்று கோன். நடுவில் நான்கு கோனைச் சதுரமாக வையுங்கள். சதுரத்தின் பின்மூலைகளில் கிரெசாரும் கஸ்டிலியானோவும், முன்மூலைகளில் லொயிக்கும் மட்சோலாவும். பழைய முறையில் ஆடும் எதிரணி, அந்தச் சதுரத்துக்குள் எப்போதும் ஒரு ஆள் குறைவாகவே இருக்கும். பந்தைப் பறிக்க ஒருவர் வெளியே வந்தால் அவர் விட்ட இடத்தில் அடுத்த பாஸ் போய் விழும். இதைப் பிள்ளைகளிடம் ஆடச் சொன்னால் முதல் பத்து நிமிடம் குழப்பமாக இருக்கும். அப்புறம் சதுரத்தில் நிற்கும் நால்வரும் மூச்சு வாங்கத் தொடங்குவார்கள், ஏனென்றால் இந்த முறையில் நடு நால்வர் பின்னாலும் ஓட வேண்டும், முன்னாலும் ஓட வேண்டும். அதைத் தொண்ணூறு நிமிடமும் செய்யக்கூடிய ஆள்கள் நான்கு பேர் ஒரே அணியில் கிடைத்தார்கள் என்பதுதான் டொரினோவின் பலம் என்று நான் நினைக்கிறேன். அதிலும் மட்சோலா தனி. பின்னால் வந்து பந்தைப் பறிப்பார், நடுவில் கொண்டு போவார், முன்னால் போய் அடிப்பார். 1946–47இல் லீகிலேயே அதிகம் அடித்தவர் அவர்தான், 29 கோல். முன்களத்தின் நடுவில் நிற்காத ஒருவர் அத்தனை கோல் அடித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்தப் பலத்தின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக எனக்கு மனம் வராது. எர்னோ எர்ப்ஸ்டைன், ஹங்கேரிய யூதர். லூக்கா நகரத்துச் சின்னக் கிளப்பைக் கீழ்நிலை லீகிலிருந்து முதல்நிலை லீகான சீரி ஏ வரை ஏற்றிக் காட்டியவர். 1938இல் டொரினோவுக்கு வந்தார். அதே ஆண்டு முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்ததால் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஹங்கேரியில் கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டு, 1944இல் அங்கிருந்து தப்பினார். பின்னாளில் பயிற்சியாளராகப் பெரும் பெயர் எடுத்த பெலா குட்மானும் அப்போது அவரோடு தப்பியவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் எர்ப்ஸ்டைன் டொரினோவுக்கே திரும்பி வந்தார். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றுவது, பந்தோடு செய்யும் பயிற்சி, ஆட்டக்காரரின் மனநிலையைத் தனியாகக் கவனிப்பது என்று நாங்கள் இன்று சாதாரணமாகச் செய்பவற்றை அன்றே கவனமாகச் செய்தவர் என்று அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அணியின் வெற்றியில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு நோவோவுடையது, எவ்வளவு மட்சோலாவின் கால்களுடையது என்று பங்கு பிரிக்க முடியாது. பெயர்ப் பலகையில் பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறினார்கள். போருக்குப் பின் யோசனையின் இழை அறுபடாமல் இருந்ததற்கு அவர்தான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

‘கால் மணி நேரம்’ என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆட்டம் மந்தமாகப் போனால், ஃபிலடெல்ஃபியா மேடையில் உட்கார்ந்திருக்கும் ஓரெஸ்தே போல்மிடா என்ற ரயில்வே ஊழியர் ஊதுகொம்பை எடுத்து ஊதுவார். மட்சோலா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுவார். அடுத்த கால் மணி நேரத்தில் எதிரணி கதை முடிந்துவிடும். ஊதுகொம்பும் உண்மை, சட்டைக் கையும் உண்மை. ஒவ்வொரு முறையும் மணி அடித்தாற்போல் கோல் விழுந்தது என்பதை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வெறும் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1946 ஏப்ரலில் ரோமில் போய் ரோமா அணியை 7–0 என்று அடித்தபோது ஆறு கோல் முதல் அரை மணி நேரத்துக்குள் விழுந்தன. நினைத்தால் வேகத்தைக் கூட்டக்கூடிய அணி அது.

சரி, சந்தேகப் பக்கம். ‘உலகிலேயே சிறந்த அணி’ என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஐரோப்பியக் கோப்பை தொடங்கியதே 1955இல்தான். நாட்டுக்கு நாடு கிளப்புகள் முறையாக மோதிப் பார்க்காத காலத்தில் அப்படி ஒரு பட்டத்தைக் கொடுக்க ஆதாரம் போதாது. 1948 மே மாதம் அதே துரினில், பாதிக்கு மேல் டொரினோ ஆட்டக்காரர்களைக் கொண்ட இத்தாலி அணியை இங்கிலாந்து 4–0 என்று வீழ்த்தியது. அந்த ஆண்டு பிரேசில் பயணத்தில் கொரிந்தியன்ஸிடம் 2–1 என்று தோற்றார்கள். போர்க்காலமான 1944இல் நடந்த தற்காலிகப் பட்டப் போட்டியில், ஃபியட் தொழிலாளர்கள் என்ற கணக்கில் ஆடிய இதே டொரினோவை லா ஸ்பெட்சியா நகரத் தீயணைப்புப் படையின் அணி 2–1 என்று தோற்கடித்தது. அந்தத் தீயணைப்பு வீரர்களுக்கு 2002இல் இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு கௌரவப் பட்டம் கொடுத்தது. ஆகவே, வெல்லவே முடியாத அணி என்பது மிகை. இத்தாலிக்குள், தன் காலத்தில், இரண்டாம் இடத்துக்கும் தனக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி வைத்த அணி என்பது உறுதி.

1949 பட்டம் அனுதாபத்தில் கொடுத்தது என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அது சரியில்லை. ஏப்ரல் 30ஆம் தேதி மிலானில் இன்டரோடு 0–0 டிரா செய்தபோது நான்கு ஆட்டம் மீதம், டொரினோ 4 புள்ளி முன்னால். விபத்துக்குப் பின் கூட்டமைப்பு அவர்களைச் சாம்பியன் என்று அறிவித்தது உண்மை. மீதி நான்கு ஆட்டத்தையும் கிளப் தன் இளையோர் அணியை வைத்து ஆடியது. எதிரணிகளும் மரியாதைக்காகத் தங்கள் இளையோரையே இறக்கின. நான்கையும் டொரினோ பிள்ளைகள் வென்றார்கள். 60 புள்ளி, இன்டர் 55. அந்தக் கடைசி நான்கு வெற்றியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றால் எடுக்க வேண்டாம். மே 3ஆம் தேதி வரை இருந்த பட்டியலே போதும்.

விபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில்தான் கட்டுக்கதைகள் அதிகம். பென்ஃபிகா கேப்டன் பிரான்சிஸ்கோ ஃபெரேராவைக் கௌரவிக்கும் நட்பு ஆட்டத்துக்காக அணி லிஸ்பன் போயிருந்தது. மே 3ஆம் தேதி ஆட்டம், பென்ஃபிகா 4–3 வெற்றி. மறுநாள் காலை ஃபியட் ஜி-212 விமானத்தில் கிளம்பி, பார்சலோனாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு துரினை நோக்கி வந்தார்கள். துரினில் அன்று மழை, காற்று, தரையைத் தொடும் மேகம். மாலை 5 மணி தாண்டிச் சில நிமிடத்தில், நகரத்தை ஒட்டிய சுப்பெர்கா குன்றின் உச்சியில் இருக்கும் பேராலயத்தின் பின்பக்க மதிலில் விமானம் மோதியது. இருந்த 31 பேரும் இறந்தார்கள்: ஆட்டக்காரர்கள் 18 பேர், எர்ப்ஸ்டைன், ஆங்கிலேயப் பயிற்சியாளர் லெஸ்லி லீவ்ஸ்லி, கிளப் ஆள்கள், மூன்று பத்திரிகையாளர்கள், விமானப் பணியாளர்கள் நால்வர். மோசமான வானிலை, தாழ்ந்த மேகம், போதாத வானொலி வழிகாட்டல், திசைக் கணிப்பில் பிழை. இந்த அளவுக்கு விசாரணை சொன்னது. உயரமானி 2,000 மீட்டரில் சிக்கிக்கொண்டதால் விமானி உயரத்தில் இருப்பதாக நம்பிவிட்டார் என்று அடிக்கடி எழுதுவார்கள். அது இருக்கலாம் என்ற அளவிலான ஊகம். நிரூபிக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உடல்களை அடையாளம் காட்டக் குன்றின்மேல் போனவர் பொட்சோ. தான் தேர்ந்தெடுத்து ஆடவைத்த பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பெயர் சொன்னார். இரண்டு நாள் கழித்து இறுதி ஊர்வலத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள். முழங்கால் காயத்தால் லிஸ்பன் போகாத சவுரோ தோமா என்ற தடுப்பாட்டக்காரர் பிழைத்தார். இரண்டாம் கோல்கீப்பர் கந்தோல்ஃபியும் பிழைத்தார். அவருக்குப் பதிலாகப் போனவர் மூன்றாம் கோல்கீப்பர், பல்லாரினின் தம்பி தீனோ. அண்ணன் தம்பி இருவரும் ஒரே விமானத்தில் போய்விட்டார்கள். மட்சோலாவின் மூத்த மகன் சாந்த்ரோவுக்கு அப்போது ஆறு வயது. பின்னாளில் இன்டர் அணியில் ஆடி ஐரோப்பியக் கோப்பை வென்றவர் அவர்தான். மே 26ஆம் தேதி அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணி, டி ஸ்டெஃபானோ உட்பட, கடல் தாண்டி வந்து இறந்தவர்களின் குடும்பங்களுக்காகத் துரினில் ஆடிக் கொடுத்தது. அந்த நட்பு இரண்டு கிளப்புகளுக்கும் இடையே இன்றும் இருக்கிறது. 1950 உலகக் கோப்பைக்கு இத்தாலி அணி பிரேசிலுக்கு விமானத்தில் போகவில்லை, கப்பலில் போனது. முதல் ஆட்டத்தில் ஸ்வீடனிடம் 3–2 என்று தோற்று, முதல் சுற்றோடு வெளியேறியது. அந்தப் பதினொருவர் இருந்திருந்தால் கோப்பை இத்தாலிக்குத்தான் என்று சொல்வார்கள். ஆசை புரிகிறது. ஆனால் நடக்காத ஆட்டத்துக்கு யாரும் ஸ்கோர் போட முடியாது.

கிளப்பின் மற்ற வரலாறு உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1906 டிசம்பர் 3ஆம் தேதி, யுவென்டஸோடு மனம் முறிந்து வெளியேறிய சுவிஸ்காரர் ஆல்ஃபிரட் டிக் முன்னின்று துரினின் ஒரு மதுக்கூடத்தில் தொடங்கிய கிளப் இது. மறு மாதமே முதல் உள்ளூர்ப் போட்டியில் யுவென்டஸை 2–1 என்று வென்றார்கள். சட்டையின் நிறம் மாதுளைச் சிவப்பு. அவர்களின் ‘கிரனாட்டா’ என்ற பெயரே மாதுளையிலிருந்து வந்தது. பட்டக் கணக்கில் ஒரு தீராத வழக்கும் உண்டு. 1927இல் வென்ற பட்டத்தை, யுவென்டஸின் அல்லெமாண்டிக்கு டொரினோ நிர்வாகி ஒருவர் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார் என்ற குற்றச்சாட்டில் கூட்டமைப்பு பறித்துவிட்டது. அந்த உள்ளூர்ப் போட்டியில் அல்லெமாண்டி நன்றாக ஆடினார் என்பதே பலரின் சாட்சி. பட்டம் வேறு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. திருப்பித் தரச் சொல்லி ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். என் கணக்கில் பட்டியலில் இருப்பது 7, அதையே எழுதுவேன். அடுத்த ஆண்டு, 1928இல், பலொன்சியேரி, லிபொனாட்டி, ரொசெட்டி என்ற மூவர் முன்னின்று முறையாகவே ஒன்று வென்றார்கள்.

விபத்துக்குப் பிறகு பத்து ஆண்டில் அணி இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கியது. 1967 அக்டோபரில், எதிராளியை ஏமாற்றிப் பந்தோடு நழுவுவதில் அன்று இத்தாலியிலேயே பெயர் பெற்ற ஜீஜி மெரோனி, 24 வயதில், ஒரு வெற்றிக்குப் பின் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். கார் ஓட்டிய இளைஞர் டொரினோ ரசிகர். 2000இல் அவரே கிளப்பின் தலைவரானார். மெரோனி இறந்த மறு வாரம் யுவென்டஸை 4–0 என்று வென்றார்கள். 1976இல் ஜீஜி ரடிச்சே பயிற்சியில், புலிச்சி, கிரட்சியானி இருவரின் கோல்களால் ஏழாவது பட்டம். ஒரு கட்டத்தில் 5 புள்ளி முன்னால் இருந்த யுவென்டஸைத் துரத்திப் பிடித்து, 2 புள்ளியில் வென்றது அது. மறு ஆண்டு 30 ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தும் பட்டம் கிடைக்கவில்லை, யுவென்டஸ் 51 எடுத்துவிட்டது. ஒரு பயிற்சியாளராக அந்த 50 புள்ளியை நான் 1976 பட்டத்துக்குக் குறைவாக மதிப்பதில்லை.

1992 யூஃபா கோப்பை இறுதி இன்னொரு ஆறாத காயம். அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை வெளியேற்றிவிட்டு அயாக்ஸை எதிர்கொண்டார்கள். துரினில் 2–2, ஆம்ஸ்டர்டாமில் 0–0. சமநிலை என்றால் எதிரணி ஊரில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதியில் கோப்பை போயிற்று. ஆம்ஸ்டர்டாமில் மூன்று முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பெனால்டி கொடுக்கவில்லை என்று பயிற்சியாளர் மொண்டோனிக்கோ ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அடுத்த ஆண்டு அதே மனிதர் இத்தாலியக் கோப்பையைக் கொண்டுவந்தார். கிளப்பின் ஐந்தாவது, இதுவரை கடைசி. 2005இல் கடனில் கிளப் மூழ்கியது; உர்பானோ கைரோ எடுத்துப் புதிதாக நிறுத்தினார். 2015இல் பில்பாவோ போய் அத்லெடிக்கை 3–2 என்று வென்றதும், இருபது ஆண்டுக்குப் பின் யுவென்டஸை வென்றதும் அதற்குப் பிந்திய மகிழ்ச்சிகள். இடிந்து கிடந்த ஃபிலடெல்ஃபியா 2017இல் பயிற்சி மைதானமாகத் திரும்பி எழுந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 7க்கும் 36க்கும் இடையிலான வித்தியாசம் உண்மை, அதை யாரும் மறைக்க வேண்டாம். நூறாண்டுக் கணக்கில் பெரிய கிளப் யுவென்டஸ்தான். ‘மாபெரும்’ என்ற சொல் கிளப்புக்கு உரியது இல்லை. ஒரு குறிப்பிட்ட அணிக்கு, 1942க்கும் 1949க்கும் இடையே ஆடியவர்களுக்கு உரியது. விபத்து செய்தது ஒன்று உண்டு. அந்த அணி மூப்படைவதை நாம் பார்க்கவில்லை. மட்சோலாவுக்கு அப்போது முப்பது வயதுதான். சதுரத்தின் கால்கள் தளர்ந்து, ஒருவர் விற்கப்பட்டு, இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பருவம் நான்காம் இடத்தில் முடிவது என்று எல்லா அணிக்கும் நடப்பது அவர்களுக்கு நடக்கவில்லை. அதனால் நினைவில் கொஞ்சம் பொலிவு கூடியிருக்கிறது. அந்தப் பொலிவைச் சுரண்டி எடுத்தாலும் கீழே 125 கோல் இருக்கிறது, ஐந்து பட்டம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை சுப்பெர்காவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. சாஸ்ஸி என்ற இடத்திலிருந்து பல்சக்கர டிராம் குன்றின்மேல் ஏறுகிறது. பேராலயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் மதிலோரம் பெயர் பொறித்த கல், அதைச் சுற்றி மாதுளைச் சிவப்புக் கழுத்துத்துண்டுகள், மழையில் நிறம் போனவையும் நேற்றுக் கட்டியவையுமாக. ஒவ்வொரு மே 4ஆம் தேதியும் அணியின் கேப்டன் இங்கே நின்றுதான் 31 பெயரையும் வாசிக்கிறார். நான் போன அன்று கூட்டம் இல்லை. வாய்க்குள் பச்சிகலுப்போ, பல்லாரின், மரோசோ என்று சொல்லிக்கொண்டு நின்றேன். உச்சரிப்பு சரியாக வந்திருக்காது. பக்கத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த முதியவர் என்னைப் பார்க்காமலே கிரெசார், ரிகமொன்டி, கஸ்டிலியானோ என்று தொடர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு இத்தாலியம் தெரியாது. மென்டியிலிருந்து ஒசோலா வரை இருவரும் சேர்ந்தே சொல்லி முடித்தோம்.